திருப்பூர் பனியனில் தடித்த உருண்டை எழுத்து: தமிழுக்கு ஒத்துவருமா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் குழந்தைகளுக்கான பனியன் துணி தைத்து விற்கப்போகிறீர்கள். ‘கண்ணு’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். டிசைனர் ஆங்கிலத்தில் தடியாக, முனைகள் உருண்டு, வட்டம் வட்டமாக ஒரு லோகோ செய்து கொடுத்தார். அது உங்களுக்குப் பிடித்துப்போனது. அதையே தமிழில் கேட்டபோது எழுத்தெல்லாம் அடைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்றால் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லை. ‘எந்த ஃபான்ட் போட்டால் சரியாக வரும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் சட்டையின் மார்பில் அச்சு, கழுத்து லேபிள், கடைப் பலகை ஆகிய மூன்றிலும் இதே எழுத்து வேண்டும் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது உண்மையான கேள்வி வேறு என்று தோன்றியது. ஆங்கிலத்தில் அழகாக நிற்கும் இந்த வகை எழுத்து தமிழில் ஏன் நிற்க மறுக்கிறது, நிற்க வைக்க எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் அது. அதற்கே பதில் எழுதுகிறேன். ஃபான்ட் பெயர்களும் வழியில் வரும்.

நான் கோயம்புத்தூரில் போர்டு எழுதும் பட்டறையில் பிரஷ் பிடித்துத் தொழில் கற்றவன். அப்புறம் கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி, ஸ்டிக்கர் கட்டிங், இப்போது லோகோவும் எல்இடி பலகையும் என்று இருபத்தெட்டு வருடம் எழுத்தோடுதான் போயிருக்கிறது. எழுத்துரு வடிவமைப்பைக் கல்லூரியில் படித்தவன் இல்லை. அதனால் கீழே சொல்வதில் எது எல்லோரும் ஒப்புக்கொண்டது, எது என் கைப்பழக்கத்தில் கண்டது என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். உங்கள் டிசைனர் கொடுத்த எழுத்தில் மூன்று குணங்கள் ஒன்றாக இருக்கின்றன. நாம் மூன்றையும் சேர்த்து ‘ரவுண்ட் ஃபான்ட்’ என்று சொல்லிவிடுகிறோம். ஒன்று தடிமன், அதாவது கோடு எவ்வளவு அகலம் என்பது. இரண்டாவது முனை. கோடு முடியும் இடம் வெட்டியது போல இருக்கிறதா, விரல் நுனி போல உருண்டிருக்கிறதா என்பது. மூன்றாவது எலும்புக்கூடு. எழுத்தின் அடிப்படை உருவமே வட்டம், நேர்கோடு என்று காம்பஸும் ஸ்கேலும் வைத்து வரைந்தது போல இருந்தால் அது வடிவியல் எழுத்து. இந்த மூன்றும் தனித்தனி. முனை உருண்டிருந்தும் எலும்புக்கூடு வடிவியலாக இல்லாத எழுத்து உண்டு. வடிவியலாக இருந்தும் முனை கத்திபோல வெட்டுப்பட்டது உண்டு. தமிழுக்குக் கொண்டுவரும்போது இந்த மூன்றில் எதைப் பிடித்துக்கொள்வது, எதைத் தளர்த்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வடிவியல் எழுத்தின் முன்னோடி என்று எல்லோரும் சொல்வது ஃபியூச்சுராவை. பால் ரென்னர் என்ற ஜெர்மானியர் வரைந்தது, 1927-இல் பௌவர் (Bauer) என்ற அச்செழுத்து வார்ப்பகம் வெளியிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பே பௌஹவுஸ் என்ற ஜெர்மானிய வடிவமைப்புப் பள்ளியில் ஹெர்பர்ட் பாயர் வட்டத்தையும் வில்லையும் மட்டும் வைத்து ஓர் எழுத்துத் தொகுதி வரைந்து பார்த்திருந்தார். அதை அடிப்படையாக வைத்து 1975-இல் ஐடிசி பௌஹவுஸ் வந்தது. நம் ஊர் டிடிபி சென்டர்களில் எத்தனையோ கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டுகளில் அது உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கேட்கும் முனை உருண்ட வகையில் பெயர் பெற்றது வேக் ரவுண்டட். வோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக 1979-இல் செய்தது. பிறகு ஆப்பிள் மடிக்கணினியின் விசைகளில் பல வருடம் அதுதான் இருந்தது.

இவற்றைப் பெரிதாக்கி ஸ்கேல் வைத்து அளந்தால் ஒன்று தெரியும். காம்பஸ் வைத்து வரைந்தது போலத் தோன்றும் எழுத்து எதுவும் வெறும் காம்பஸில் வரைந்ததல்ல. ஆங்கில ‘ஓ’வின் வட்டம் பக்கத்தில் நிற்கும் நேரான எழுத்துகளைவிட மேலும் கீழும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நீட்டிக்கொண்டிருக்கும். அப்படி நீட்டாவிட்டால் வட்டம் சிறுத்துத் தெரியும். படுக்கைக் கோடு நிற்கும் கோட்டைவிடக் கொஞ்சம் மெல்லியதாக இருக்கும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் படுக்கைக் கோடுதான் தடியாகத் தெரியும், கண்ணின் வழக்கம் அப்படி. வளைவு தண்டில் சேரும் இடத்தில் வளைவை மெலிய வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் அங்கே ஒரு கறுப்புத் திட்டு விழும். முனை உருண்ட எழுத்தில் இன்னொன்றும் உண்டு. அரைவட்டமாக முடியும் கோடு வெட்டி முடியும் கோட்டைவிடக் குட்டையாகத் தெரியும், அதனால் அதைச் சற்று நீட்டி வைப்பார்கள். இதில் அபிப்பிராய பேதம் கிடையாது, எழுத்து வரைபவர்கள் எல்லோரும் செய்வது.

எழுத்தின் முனை ஏன் உருண்டது என்பதற்கு அழகு, குழந்தைத்தனம் என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அது முதலில் புரிந்தது ஒரு பவுண்டரியில். பட்டறையில் சேர்ந்த புதிதில், பம்ப் வார்க்கும் ஒரு பவுண்டரிக்கு மரப் பேட்டர்னில், அதாவது வார்ப்புக்கான மர மாதிரியில், எழுத்து ஒட்டிக் கொடுக்கும் வேலைக்கு மேஸ்திரி என்னை அனுப்பினார். பம்பின் உடலில் கம்பெனிப் பெயர் புடைத்துத் தெரிகிறதே, அது எப்படி வருகிறது தெரியுமா? பேட்டர்னில் புடைத்த எழுத்து இருக்கும். அதை மணலில் அழுத்தி எடுத்தால் மணலில் எழுத்து பள்ளமாக விழும். அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பு ஓடி நிறைகிறது. பேட்டர்னைத் தூக்கும்போது எழுத்தின் கூர்மூலை மணலைப் பெயர்த்துவிடும். மூலை மழுங்கி, பக்கவாட்டுச் சரிவு கொஞ்சம் இருந்தால் மணல் உதிராது. அதைவிட முக்கியமானது ஆங்கில ‘ஓ’வின் நடு வெற்றிடம். அது மணலில் ஒரு சின்னத் திட்டாக, தீவுபோல நிற்கும். திட்டு அகலமாக இருந்தால் நிற்கும். சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னதாகப் போனால் பேட்டர்னோடு பெயர்ந்து வந்துவிடும். அப்புறம் வார்ப்பில் ‘ஓ’ வெறும் பொட்டாக வரும். அங்கிருந்த பேட்டர்ன்காரர் ஒருவர் என்னிடம் சொன்னதை இன்னும் மறக்கவில்லை: ‘கண்ணு, கறுப்பப் பாக்காத, வெள்ளையப் பாரு. எழுத்து நிக்கறது அதுலதான்.’

இயந்திரங்களில் பெயர்த்தகடு செதுக்கும்போது வெட்டும் முனை உருண்டையாகச் சுழல்வதால் கோட்டின் நுனி தானாகவே உருளும். அக்ரிலிக் எழுத்தை, சுழலும் பிட்டால் வெட்டும் ரூட்டரில் வெட்டினால் 6 மி.மீ. பிட் எந்த உள்மூலையையும் 3 மி.மீ. வளைவாகத்தான் விட்டுச் செல்லும், கூர்மூலை என்று ஒன்று அங்கே வரவே வராது. நியான் விளக்கின் கண்ணாடிக் குழாய் வளையும், மடங்காது. ஆக, உருண்ட முனை கருவியின் குணத்தில் இருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. செய்வது சுலபம், சேதம் குறைவு என்று வந்த பிறகுதான் அதற்கு ‘அன்பான எழுத்து’ என்ற பெயர் சேர்ந்தது என்பது என் ஊகம்.

இனி உங்கள் பெயருக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘கண்ணு’ எழுதினால் கே, ஏ, என், என், யு. கடைசி மூன்று எழுத்தும் ஒரே வளைவுதான், ‘என்’னைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ‘யு’. வடிவியல் எழுத்துக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. டிசைனர் அசந்துபோய்ச் செய்திருப்பார். தமிழில் அதே ஒலிக்கு ண், ணு. பள்ளிக்கூடத்தில் ‘மூன்று சுழி ண’ என்று சொல்லிக்கொடுத்தார்களே, அந்தச் சுழிதான் இங்கே கணக்கைப் புரட்டுகிறது. ஆங்கில ‘என்’னின் நடுவில் குறுக்காக ஒரு கோடு இழுத்தால் அது எழுத்தின் கறுப்பை இரண்டு இடத்தில் வெட்டும். ‘ண’வில் ஃபான்ட்டைப் பொறுத்து நான்கு அல்லது ஐந்து இடத்தில் வெட்டும். ‘ணு’வில் அதோடு கீழே இறங்கி வளைந்து வலப்பக்கம் ஏறும் உகரக் காலும் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுத்து உயரம் 100 மி.மீ., கோட்டின் தடிமன் 22 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில ‘என்’னுக்கு இரண்டு கோடு 44, நடுவில் வெள்ளை 40, ஆக அகலம் 84. இதே தடிமனில் ‘ண’ போட்டால் ஐந்து கோட்டுக்கே 110 போய்விடும். நான்கு வெள்ளைக்குத் தலா 20 கொடுத்தால் இன்னும் 80. மொத்தம் 190, உயரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அகலம். இவ்வளவு அகலமா என்று பயந்து டிசைனர் அதை 120-க்குள் அமுக்குவார். அப்போது வெள்ளைக்கு மிஞ்சுவது 10 மி.மீ., நான்காகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டரை. அதைச் சட்டையில் 30 மி.மீ. உயரத்துக்குச் சுருக்கினால் முக்கால் மி.மீ. உங்களுக்கு வந்த அடைப்பு இதுதான். ஃபான்ட் மோசம் என்பதல்ல, வெள்ளைக்கு இடம் இல்லை.

அதனால் தடிமனை 15-க்கு இறக்குங்கள். ஐந்து கோடு 75, நான்கு வெள்ளை தலா 18 என்றால் 72. மொத்தம் 147. அகலம்தான், ஆனால் மூச்சு விடுகிறது. கோடு ஆங்கிலத்தைவிட மெல்லியதாயிற்றே, பக்கத்தில் வைத்தால் வேறாகத் தெரியாதா என்று கேட்பீர்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கோடு கோடாகக் கண் அளப்பதில்லை, மொத்தத்தில் எவ்வளவு கறுப்பு என்றுதான் பார்க்கிறது. கோடு அதிகமுள்ள எழுத்தில் கோடு மெலிந்தால்தான் இரண்டும் ஒரே நிறையாகத் தெரியும். இரு மொழியிலும் எழுத்துரு செய்பவர்கள் இதைத் தெரிந்துதான் செய்கிறார்கள்.

சுழிக்கு அப்புறம் கவனிக்க வேண்டியவை சின்னச் சின்னவை. புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த எழுத்தில் புள்ளியையும் அதே தடிமனுக்கு ஊதிவிடுகிறார்கள். அது ‘ண்’ணின் மேல்கோட்டில் உட்கார்ந்துவிடுகிறது. புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே கோட்டின் தடிமனில் பாதியாவது இடைவெளி வேண்டும் என்பது என் கைக்கணக்கு. ‘கி’, ‘கீ’ இரண்டையும் பாருங்கள். வித்தியாசமே மேலே உள்ள அந்தச் சுழிதான். அது அடைத்தால் ‘கீ’ ‘கி’யாகிவிடும். ‘எ’வுக்கும் ‘ஏ’வுக்கும் நடுவில் அடியில் ஒரு சாய்ந்த வால், அவ்வளவுதான். முனையை உருட்டுகிறேன் என்று அந்த வாலைக் குட்டையாக்கினால் ‘ஏலம்’ ‘எலம்’ ஆகிறது. ‘ர’வின் கீழ்ச்சாய்வு மழுங்கினால் அது துணைக்கால் போலவே நிற்கும். புள்ளியைத் தவிர இவையெல்லாம் உங்கள் பெயரில் வராது, ஆனால் நாளைக்கு ‘தீபாவளித் தள்ளுபடி’ என்று இதே எழுத்தில் போடுவீர்கள்.

இதை நான் ஒரு தப்பு செய்துதான் கற்றேன். பதினைந்து வருடம் இருக்கும், காங்கேயம் பக்கம் ஒரு தேங்காய் எண்ணெய்க் கடைக்குப் பலகை. ‘எண்ணெய்’ என்ற சொல்லை எடுத்து, கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் அவுட்லைனை, அதாவது எழுத்தின் ஓரக்கோட்டை, ஏற்றித் தடியாக்கினேன். அவுட்லைன் வெளியே போகும் அளவுக்கு உள்ளேயும் வரும் என்பதை யோசிக்கவில்லை. பகலில் பரவாயில்லாமல் இருந்தது. இரவில் பின்விளக்கு போட்டதும் வெளிச்சம் ஓரங்களைத் தாண்டிப் பரவி, இருந்த கொஞ்ச இடைவெளியையும் விழுங்கிவிட்டது. சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் ‘ண்ணெ’ இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் கட்டி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ‘படிக்க முடியலைங்களே’ என்று மட்டும் கேட்டார். என் செலவில் முழுவதும் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவுட்லைன் ஏற்றித் தடியாக்குவதை விட்டுவிட்டேன். உங்கள் டிசைனரும் அதைத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். முனைகள் உருண்டிருக்கின்றன, ஆனால் சுழிகளின் உள்பக்கம் கூராக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அது அவுட்லைன் ஏற்றியதன் அடையாளம்.

‘தமிழ் எழுத்தே வட்டம்தானே, ரவுண்ட் ஃபான்ட் அதற்குத் தானாகப் பொருந்தாதா?’ என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். பாதி சரி. ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு கீறினால் நரம்போடு கிழியும், அதனால் தமிழ் வளைந்தது என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஓலையில் கீறி எழுதினார்கள் என்பது உறுதி. அதனால்தான் வளைந்தது என்பது முழு விளக்கமாக எனக்குத் தோன்றவில்லை. ட, ப, ய, ம என்று நேர்கோடு நிமிர்ந்து நிற்கும் எழுத்துகளும் அதே ஓலையில்தான் இருந்தன. நம் கொங்கிலேயே ஈரோடு பக்கம் அறச்சலூர் மலைக் குகையில் ‘த தை தா’ என்று தாளச் சொற்களை வெட்டிய தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. கரூர் பக்கம் புகளூரில் சேரர் கல்வெட்டு இருக்கிறது. அந்த எழுத்தைப் பார்த்தால் ஒரே தடிமனில் நேர்கோடும் எளிய வளைவும்தான், வடிவியல் எழுத்து என்றே சொல்லலாம். பிற்காலத்தில் வட்டெழுத்து என்ற வளைந்த பழைய எழுத்தும் இங்கே வெட்டப்பட்டிருக்கிறது. ஆக, தமிழுக்கு வட்டமும் உறவு, கோடும் உறவு. ‘ட’வை வளைத்து வட்டமாக்குவதும் ‘ப’வைக் கிண்ணம்போல ஆக்குவதும் தமிழை உருண்டையாக்குவது ஆகாது. ‘ட’ நேராகவே நிற்கட்டும், மூலையும் முனையும் மட்டும் மழுங்கட்டும். இதைத்தான் மேலே சொன்னேன்: எலும்புக்கூட்டைத் தளர்த்தி முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலமும் தமிழும் ஒரே குடும்பமாகத் தெரிய முனை ஒன்று போதும்.

சரி, ஃபான்ட். தமிழில் தடித்த, மழுங்கிய முனை எழுத்துக்கு இப்போது கையில் கிடைப்பதில் நான் முதலில் சொல்வது பலூ தம்பி. ஏக் டைப் என்ற இந்தியக் குழு, பலூ என்ற பெயரில் ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்குச் செய்த வரிசையில் தமிழுக்கானது இது. முதலில் ஒரே தடிமனில் வந்தது. பலூ தம்பி 2 என்ற பதிப்பில் சாதாரணத்தில் இருந்து மிகத் தடிமன் வரை படிகள் உண்டு. உங்களுக்கு வேண்டியது உச்சப் படி அல்ல, அதற்கு ஒன்றிரண்டு படி கீழே. கோய்னி என்று ஒன்று இருக்கிறது, அது இன்னும் உருண்டை, குண்டு, விளையாட்டுத்தனம் அதிகம். சட்டையில் ஒரு சொல்லைப் பெரிதாகப் போட நன்றாக இருக்கும், இரண்டு வரி போட்டால் கண் வலிக்கும். முனை உருளாவிட்டாலும் பரவாயில்லை, இடம் தாராளமாக வேண்டும் என்றால் அதே ஏக் டைப்பின் அனெக் தமிழ். அதில் தடிமனோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம் என்பது ‘ண’ உள்ள பெயருக்குப் பெரிய வசதி. லேபிளில் துணி விவரம், துவைக்கும் முறை எழுத முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எதுவும் போதும். இந்தப் பத்தியில் நான் பெயர் சொன்ன தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. லோகோ செய்யலாம், சட்டையில் அச்சடித்து விற்கலாம், பணம் கட்டத் தேவையில்லை. எழுத்துருவை மட்டும் தனியாக விலை வைத்து விற்கக்கூடாது. உங்கள் ஆங்கில லோகோவில் உள்ள ஃபான்ட் விலைக்கு வாங்கியதா என்று டிசைனரிடம் ஒரு வார்த்தை கேட்டு, பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதி ஆர்டர் என்று வரும்போது வெளிநாட்டு பையர் கேட்க வாய்ப்பு உண்டு. பெயரை டிரேட்மார்க் பதிவது பற்றி நான் எதுவும் சொல்லக்கூடாது, அது வக்கீல் வேலை.

இவையெல்லாம் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருக்கள். உங்கள் டிசைனர் பழைய கோரலில், பாமினி என்ற ஒருங்குறிக்கு முந்தைய ஃபான்ட் பழக்கத்தில் வேலை செய்பவர் என்றால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி விழும். அதற்காக ஃபான்ட்டைக் கைவிட வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தை வளைகோடாக மாற்றி, பிடிஎஃப்பாகக் கொண்டுபோய்க் கோரலில் திறக்கச் சொல்லுங்கள்.

இனி திருப்பூர் வேலை. பிரிண்டிங் யூனிட்டில் ஸ்கிரீனைக் கவனித்திருப்பீர்கள். எழுத்து இருக்கும் இடம் திறந்திருக்கும், மை இறங்கும். எழுத்தின் உள்வெள்ளை எமல்ஷன் என்ற பூச்சால் அடைபட்டு, ஸ்கிரீனின் வலையான மெஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பவுண்டரியில் பார்த்த மணல் திட்டேதான் இது. வெள்ளை சின்னதானால் எமல்ஷன் துணுக்கு ஸ்கிரீனைக் கழுவும்போதே போய்விடும், அல்லது நூறு இருநூறு பீஸ் ஓடியதும் உதிரும். முதல் சாம்பிள் நன்றாக இருந்து, மூட்டையைப் பிரித்தால் சுழி அடைத்திருப்பது இதனால்தான். அச்சு புடைத்து நிற்கும் பஃப் பிரிண்ட் கேட்டிருக்கிறீர்கள். அந்த மை சூட்டில் எல்லாப் பக்கமும் உப்பும், மேலே மட்டும் அல்ல. பஃப்புக்கு வெள்ளையை இன்னும் கூட்டி, தடிமனை இன்னொரு படி இறக்கித் தனி ஆர்ட்வொர்க் செய்யுங்கள். எவ்வளவு உப்பும் என்பது மைக்கு மை வேறுபடும், அதை உங்கள் யூனிட்காரர் சாம்பிள் அடித்துத்தான் சொல்ல முடியும். இன்னொரு விஷயம், குழந்தைத் துணி என்பதால் சொல்கிறேன். தடித்த எழுத்து என்றால் நெஞ்சில் மை அப்பிய பரப்பு அதிகம். சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பனியன் துணி இழுபடும்போது பரந்த மைப்படலம் வெடிக்கும், வெயிலில் அந்த இடம் வேர்க்கும். ‘கண்ணு’வைப் பத்தங்குல அகலத்துக்குப் பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மையில் நிரப்பிப் போடுவதைவிட, அளவைக் குறைப்பதோ தண்ணீர் மையில் போடுவதோ பிள்ளைக்குச் சுகம்.

கழுத்து லேபிளில் இந்த எழுத்தே வேண்டாம். கட்டாயம் என்றால் மெல்லிய படியில், எழுத்துக்கு நடுவே இடைவெளி கூட்டிப் போடுங்கள். தறியில் நெய்யும் லேபிள் என்றால், நூலின் அளவைவிட நுணுக்கமான வளைவு அதில் விழாது. எத்தனை மி.மீ. உயரம் வரை ‘ண’ தாங்கும் என்று லேபிள்காரரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

கடைப் பலகையில்தான் தடித்த உருண்டை எழுத்து ராஜா. எல்இடி மாட்யூல் உட்கார அகலம் கிடைக்கிறது, ரூட்டர் வெட்டு சுத்தமாக வருகிறது, தூரத்தில் பளிச்சென்று இருக்கிறது. தமிழ்நாட்டில் பெயர்ப்பலகைக்குத் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதம் விதியில் இருக்கிறது. ஆகவே பலகையில் தமிழ்தான் பெரியது. ஆங்கில லோகோவை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் தமிழைச் செருகுவது இங்கே செல்லாது. தமிழை முதலில் வரையுங்கள், ‘ண’ கேட்கும் அகலத்தைக் கொடுங்கள், அதற்குத் தக்கபடி ஆங்கிலத்தின் தடிமனைக் குறைத்துக்கொள்ளுங்கள். எத்தனை அடியில் இருந்து படிக்க வேண்டுமோ, பத்தடிக்கு ஓர் அங்குல உயரம் என்று பலகைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. சுழி எழுத்து நிறைந்த தமிழ்ப் பெயருக்கு அதைவிட அரைப் பங்கு கூட்டித்தான் நான் வைப்பேன். இரவு விளக்கு உண்டென்றால் கோட்டை இன்னும் கொஞ்சம் மெலித்து வெட்டச் சொல்லுங்கள், வெளிச்சம் அதைத் தானாகத் தடியாக்கிவிடும்.

உருண்டை எழுத்து போட்டால் தாய்மார்களுக்குப் பிடிக்கும், விற்பனை கூடும் என்று டிசைனர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இதில் உறுதியானது இவ்வளவுதான்: உருண்ட உருவத்துக்கு மென்மையான ஒலியையும் கூரான உருவத்துக்கு வெடிப்பான ஒலியையும் மக்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். கோலர் என்ற உளவியலாளர் 1929-லேயே இதை எழுதினார். 2001-இல் வி. எஸ். ராமச்சந்திரனும் ஹப்பர்டும் ‘பூபா, கிக்கி’ என்ற சொற்களை வைத்து இதை மறுபடி பேசினார்கள். அதில் இருந்து விற்பனைக்குத் தாவுவது பெரிய தாவல். ‘கண்ணு’ என்று நம் ஊரில் பிள்ளையைக் கூப்பிடும் குரலிலேயே அந்த மென்மை இருக்கிறது. எழுத்து அதைக் கெடுக்காமல் இருந்தாலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாரம் இதைச் செய்வேன். பலூ தம்பி 2-இன் நடுத்தரத் தடிமனிலும் அதற்கடுத்த படியிலும் ‘கண்ணு’ என்று தட்டச்சு செய்து, 8 மி.மீ., 30 மி.மீ., 100 மி.மீ. என்று மூன்று உயரத்தில் சாதாரணத் தாளில் அச்செடுங்கள். சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எந்தத் தாளில் ‘ண்’ணின் சுழிகளுக்குள் வெள்ளை தனித்தனியாகத் தெரிகிறதோ, புள்ளி கோட்டைத் தொடாமல் நிற்கிறதோ, அந்தப் படியை எடுத்து யூனிட்டில் ஒரு ஸ்கிரீன் போட்டு ஐந்து பீஸ் அடியுங்கள். ஐந்தையும் வீட்டு வாஷிங் மெஷினில் பத்துத் தடவை துவைத்த பிறகு, ‘ணு’வின் கால் கீழே வளையும் இடத்தை மட்டும் கிட்டத்தில் படம் பிடித்து இங்கே போடுங்கள். மை முதலில் வெடிக்கிற இடம் பெரும்பாலும் அதுதான். வெடித்திருந்தால் அந்த வளைவை எவ்வளவு திறக்கலாம் என்று வரைந்தே காட்டுகிறேன்.